வாசலுக்கு வந்த நம்பர்

ரெட்டியார்சத்திரத்தில் சுகர் பார்ப்பது: அன்றும் இன்றும்

பழனிக்கு நடந்து போகிறவர்களுக்கு ரெட்டியார்சத்திரம் தெரியாமல் இருக்காது. திண்டுக்கல்லைத் தாண்டி, ஒட்டன்சத்திரம் வருவதற்கு முன்னால் வரும் சாலையோர ஊர். ஒரு பக்கம் கோபிநாதசாமி மலை. கன்னிவாடிப் பக்கம் திரும்பினால் கொடைக்கானல் மலையின் அடிவாரம். ஊரின் பெயரிலேயே ஓர் ஊராட்சி ஒன்றியம். கிணற்றையும் ஆழ்துளையையும் நம்பிக் காய்கறி, முருங்கை, பூ, மக்காச்சோளம் என்று வெள்ளாமை பார்க்கிற கிராமங்கள்.

இந்தப் பக்கத்தில் சர்க்கரை வியாதியை ரொம்ப நாள் வரைக்கும் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவர்களின் வியாதி என்றுதான் நினைத்தார்கள். ‘வெயில்ல நிக்கிறவனுக்கு எங்கிருந்து சக்கரை வரும்?’ என்று கேட்டுச் சிரிப்பார்கள். 2011இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்-இண்டியாப் என்ற சர்க்கரை நோய் ஆய்வின் முதல் கட்ட முடிவு அந்தச் சிரிப்பை நிறுத்தியிருக்க வேண்டும். தமிழ்நாட்டு நகரங்களில் வயது வந்தவர்களில் 13.7 சதவீதம், கிராமங்களில் 7.8 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் என்றது அது. 2023இல் அதே ஆய்வின் நாடு தழுவிய கணக்கு வந்தபோது மாநிலத்தின் மொத்த அளவு 14.4 சதவீதம். நாடு முழுக்க 10 கோடிப் பேர்.

நோய் கிராமத்துக்குள் வந்ததற்குச் சோளச் சோறு போய் மூன்று வேளையும் அரிசி வந்தது, நடை போய் வண்டி வந்தது என்று காரணம் பல சொல்லலாம். அது தனிக் கதை. இங்கே பேச நினைப்பது, நோய் இருப்பதைக் கண்டுபிடிக்கிற வழி எப்படி மாறியது என்பதை.

அன்று: நீரில் தெரிந்த நிறம்

எறும்புதான் முதல் பரிசோதகர். ஒருவர் சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்த்தால், வீட்டுப் பெரியவர்கள் ‘நீர்ல சக்கரை போகுது’ என்று சொல்லிவிடுவார்கள். அதற்கு அடுத்த படி ஆஸ்பத்திரியில் நடந்த ‘தண்ணி டெஸ்ட்’. கண்ணாடிக் குழாயில் நீல நிறத்தில் பெனடிக்ட் கரைசல், அதில் எட்டுச் சொட்டு சிறுநீர், கீழே ஸ்பிரிட் விளக்கு. கொதித்த பிறகும் நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறிச் செங்கல் நிறத்தில் நின்றால் நிறைய இருக்கிறது. 1908இல் அமெரிக்க வேதியியலாளர் ஸ்டான்லி பெனடிக்ட் கண்டுபிடித்த இந்த முறையில்தான் தமிழ்நாட்டின் சிறிய ஆஸ்பத்திரிகள் பல பத்தாண்டுகள் வேலை பார்த்தன.

மலிவான முறைதான், ஆனால் அதற்குப் பாதிக் கண் குருடு. ரத்தத்தில் சர்க்கரை ஏறக்குறைய 180ஐத் தாண்டினால்தான் சிறுநீரகம் அதை வெளியே விடும். 130, 150 என்று வருடக்கணக்கில் மெதுவாக ஏறிக்கொண்டிருக்கிறவரின் நீர் நீலமாகவே இருக்கும். மாத்திரை அதிகமாகிச் சர்க்கரை 50க்கு இறங்கி, வரப்பில் தலைசுற்றி விழுந்தவரின் நீரும் அதே நீலம்தான். ஏற்றத்தைத் தாமதமாகச் சொல்லும், இறக்கத்தைச் சொல்லவே சொல்லாது.

அதனால் அன்று நோய் தன்னைத் தானே காட்டிக்கொண்ட பிறகுதான் தெரிந்தது. ஆறாத கால் புண், மங்கிய பார்வை, இரவில் ஐந்தாறு முறை எழுந்து போவது, காரணமில்லாமல் உடம்பு இளைப்பது. பாதயாத்திரை முடிந்து வந்து ஒரு மாதமாகியும் குதிகால் கொப்புளம் ஆறவில்லை என்றால் செருப்பையும் சாலையையும்தான் குறை சொன்னார்கள்.

அன்று: முதல் பஸ்ஸும் இரண்டு ஊசியும்

ரத்தப் பரிசோதனை என்றால் திண்டுக்கல். பெரிய சிக்கல் என்றால் மதுரை. 1985 வரைக்கும் திண்டுக்கல்லே மதுரை மாவட்டத்துக்குள்தான் இருந்தது.

வெறும் வயிற்றோடு முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். லேபில் ஒரு ஊசி. வெளியே வந்து ஓட்டலில் நாலு இட்லி. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் பஸ் ஸ்டாண்டு நிழலில் உட்கார்ந்திருந்து மறுபடியும் ஒரு ஊசி. ரிசல்ட் சாயங்காலம். அதைக் கொண்டுபோய்க் காட்ட டாக்டர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இன்னொரு நாள் வர வேண்டும். பஸ் கூலி, லேப் காசு, அன்றைய வேலை எல்லாம் சேர்ந்து போகும். கூட ஒரு துணை வந்திருந்தால் இரண்டு பேர் கூலி. இப்படி வருடத்துக்கு ஒரு முறை பார்த்தவரே அக்கறையுள்ளவர். போகிறவர்களும் அதற்கு முந்தைய இரண்டு நாள் சோற்றைக் குறைத்து, காப்பியில் சீனி போடாமல் ‘பரிட்சைக்கு’ தயாராகிப் போவார்கள். நம்பர் நன்றாக வரும், நோய் அதன் பாட்டுக்கு வேலை செய்யும்.

அன்றும் வாசலுக்கு வந்த சுகாதாரப் பணியாளர்கள் உண்டு. பக்கத்து ஆத்தூர் வட்டாரத்தில் காந்திகிராமம் 1959லேயே ஒரு முன்னோடிச் சுகாதாரத் திட்டத்தைத் தொடங்கியது. வீடு வீடாகப் போகும் செவிலியர் வழியே கிராமத்துக்குச் சேவையைக் கொண்டுபோக முடியும் என்று இந்த மண்ணில்தான் சோதித்துப் பார்த்தார்கள். பிறகு எல்லா ஊரிலும் ‘நர்ஸம்மா’ வந்தார். அவர் பையில் இரும்புச்சத்து மாத்திரை இருந்தது, தடுப்பூசி இருந்தது, குடும்பக்கட்டுப்பாட்டுப் பேச்சு இருந்தது. கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் கணக்கு எழுதினார். அதே திண்ணையில் உட்கார்ந்திருந்த ஐம்பது வயது மாமியாரின் ரத்தத்தைப் பார்க்க அவரிடம் ஒன்றும் இல்லை.

நடுவில்: கருவி சிறிதானது, முறை வளைந்தது

ரத்தச் சொட்டை வைத்து நிறம் பார்க்கும் பட்டை 1960களின் நடுவில் அமெரிக்காவில் வந்தது. அதைப் படிக்கும் முதல் மீட்டர் 1970இல். ஒரு கிலோவுக்கு மேல் எடை, விலை ஐந்நூறு டாலர் அளவில், அதுவும் மருத்துவர்களுக்கு மட்டுமே விற்றார்கள். சிறுவயதிலிருந்தே சர்க்கரை நோயோடு இருந்த ரிச்சர்ட் பெர்ன்ஸ்டீன் என்ற பொறியாளர் அந்தக் காலத்தில் தன் மனைவி மருத்துவர் என்பதால் அவர் பெயரில் ஒன்றை வாங்கி, ஒரு நாளில் பல முறை தன் ரத்தத்தைப் பார்த்து, சாப்பாட்டையும் இன்சுலினையும் தானே திருத்திக்கொண்டார். நோயாளி கையில் மீட்டர் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அவரே முதல் சாட்சிகளில் ஒருவர். பிற்பாடு அவரே மருத்துவப் படிப்பும் படித்தார்.

தமிழ்நாட்டில் மாற்றம் வேறு வாசல் வழியாக, கர்ப்பிணிகளின் வழியாக வந்தது. கர்ப்ப காலச் சர்க்கரையைக் கண்டுபிடிக்கப் பெரும்பாலும் வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள். பஸ் ஏறி வரும் கிராமத்துப் பெண் சாப்பிடாமல் வர மாட்டாள், வந்தாலும் மயங்குவாள், திருப்பி அனுப்பினால் மறுபடியும் வரவே மாட்டாள். சென்னை மருத்துவர் வி. சேஷையாவும் அவருடைய குழுவினரும் இதற்காக முறையையே மாற்றினார்கள். சாப்பிட்டு வந்தாலும் பரவாயில்லை, 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடி, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை பார்ப்போம், 140 அல்லது அதற்கு மேல் என்றால் கவனிப்போம். எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரை பார்க்க வேண்டும் என்று 2007இல் தமிழ்நாடு ஆணையிட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை பார்ப்பது அன்றாட வேலையானதில் இதற்குப் பெரிய பங்குண்டு. நோயாளியின் நாளுக்கு ஏற்பப் பரிசோதனை வளைந்து கொடுத்தது, அதனால் நிலைத்தது.

அதே காலத்தில், 2006இல் தொடங்கி, அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்துச் சுணாம்பேட்டில் மருத்துவர் வி. மோகனின் குழு இன்னொன்றைச் செய்து காட்டியது. 42 கிராமங்கள், ஒரு பரிசோதனை வேன், செயற்கைக்கோள் வழியே சென்னை மருத்துவரோடு தொடர்பு. விரல் நுனிச் சொட்டு ரத்தத்தில் 23,000க்கும் மேற்பட்டவர்களைப் பார்த்தார்கள். நோய் இருந்தவர்களின் மூன்று மாதச் சராசரியான ஹெச்பிஏ1சி ஒரே வருடத்தில் 9.3இலிருந்து 8.5க்கு இறங்கியது. நூற்றுக்கு ஐந்து பேரைக்கூடப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியிருக்கவில்லை. ஊரில் எடுத்த நம்பர் மருத்துவரிடம் போனது, அவர் முடிவு ஊருக்குத் திரும்பி வந்தது. இந்தத் திரும்பி வரும் பாதையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாடு சுகாதாரத் திட்டம் 2007 முதல் சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் தொற்றாநோய்களுக்கு முன்னோட்டம் பார்த்தது. 2012 முதல் அது படிப்படியாக மாநிலம் முழுக்க விரிந்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரஷரையும் சுகரையும் பார்ப்பதற்கென்றே ஒரு மேசை வந்தது, ஒரு நர்ஸும் வந்தார்.

இன்று: திண்ணையில் ஒரு சொட்டு

2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. மகளிர் சுய உதவிக் குழுக்களில் இருந்து வந்த தன்னார்வலர்கள் பிரஷர் கருவியும் குளுக்கோமீட்டரும் எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போகிறார்கள். எந்த நேரத்தில் குத்தினாலும் 140ஐத் தாண்டினால் நிலையத்துக்குப் போய் உறுதிசெய்யச் சொல்வது நாட்டின் பொதுத் திரையிடலில் உள்ள முறை. நோய் இருப்பவர்களுக்கு மாத்திரை வீட்டுக்கே வருகிறது. 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் பணிக்குழு இந்தத் திட்டத்துக்கு விருது தந்தது.

கிராமத்தில் இதன் அர்த்தம் ரொம்ப எளிது. முன்பு ஒரு நாள் கூலியைத் தின்ற வேலை இப்போது ஐந்து நிமிஷம். வருகிறவள் வெளியூர்க்காரி இல்லை. அடுத்த தெரு மருமகள், சங்கத்தில் கூட உட்கார்ந்து பணம் கட்டுகிறவள். ‘பெரியப்பா, கையக் கழுவிட்டு வாங்க’ என்று அவளால் அதட்ட முடியும். பூப்பறிக்கவும் நூறு நாள் வேலைக்கும் போய்விட்டால் வீடு பூட்டிக் கிடக்கும் என்பது அவளுக்குத் தெரியும். அதனால் எந்த வீட்டுக்கு எப்போது போக வேண்டும் என்பதும் தெரியும்.

வசதி கொஞ்சம் உள்ள வீடுகளில் சொந்த மெஷின் இருக்கிறது. வெளிநாட்டிலோ திருப்பூரிலோ இருக்கும் பிள்ளை வாங்கி அனுப்பியது. டீக்கடை பெஞ்சில் ‘எனக்கு இருநூத்திப்பத்து, உனக்கு?’ என்று விசாரிக்கிற அளவுக்கு நம்பர் பொதுப்பேச்சாகிவிட்டது. ஒரு காலத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் காதில் விழக்கூடாது என்று மறைத்த நோய் இது. அந்த வெட்கம் போனதே பெரிய மாற்றம்.

நன்றாகப் பயன்படுத்தினால் மெஷினை விடப் பெரிய வாத்தியார் இல்லை. நாட்டுச் சர்க்கரை போட்டால் ஒன்றும் செய்யாது, தேன் ஏற்றாது, பஞ்சாமிர்தம் பிரசாதம்தானே, கேப்பைக் கூழ் எவ்வளவு குடித்தாலும் நல்லது என்று எத்தனை நம்பிக்கைகள்! குடிப்பதற்கு முன் ஒரு குத்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரு குத்து. நைசாக அரைத்துக் கரைத்த கூழும் சர்க்கரையை ஏற்றும் என்பதை எந்தப் பிரசங்கமும் இல்லாமல் அந்த இரண்டு நம்பர் சொல்லிவிடும். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு தெருமுனை வரை நடந்த நாளில் எவ்வளவு குறைந்தது என்பதையும் அதுவே சொல்லும்.

இன்று: நம்பர் தெரிந்தும்

இதோடு நிறுத்தியிருந்தால் இது வெற்றிக் கதை. தொற்றாநோய்களை அளக்கும் மாநிலத்தின் ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பு விடவில்லை. 2020இல் சர்க்கரை நோயாளிகளில் அளவு கட்டுக்குள் இருந்தவர்கள் 10.8 சதவீதம். 2023-24இல் 16.7 சதவீதம். முன்னேற்றம்தான். ஆனாலும் ஆறு பேரில் ஒருவருக்குத்தான் கட்டுப்பாடு. வாசல் வரை வந்து குத்தியும் மற்ற ஐந்து பேருக்கு ஏன் இறங்கவில்லை?

முதல் காரணம், நம்பர் அரைகுறையாக எழுதப்படுகிறது. 210 என்று நோட்டில் இருக்கும். வெறும் வயிற்றிலா, சாப்பிட்டா, சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழித்து? அது இல்லாத 210ஐ வைத்து எந்த மருத்துவரும் எதையும் முடிவு செய்ய முடியாது. வாழைப்பழம் உரித்த கையோடு குத்தினால் விரலில் ஒட்டிய சர்க்கரையே நம்பரை ஏற்றிவிடும். மூடி திறந்தபடி சித்திரை வெயிலில் கிடந்த ஸ்டிரிப்பும் பொய் சொல்லும்.

இரண்டாவது, கூட்டம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் முன் வரிசை நீளும். ‘எப்பிடி இருக்கீங்க? சரி, அதே மாத்திரை.’ நோட்டில் 240, 260, 250 என்று மூன்று மாதம் வரிசையாக இருக்கும், மாத்திரையின் அளவு மட்டும் அசையாது. ஊசி போடச் சொன்னால் நோயாளிக்குப் பயம். அந்தப் பயத்தைப் பேசித் தீர்க்க டாக்டருக்கு நேரமில்லை.

மூன்றாவது, நம்பரைத் தனியாகப் படிப்பது. 110 வந்தால் ‘சரியாப் போச்சு’ என்று மாத்திரையை நிறுத்துவார்கள், 300 வந்தால் இரண்டாகப் போடுவார்கள். சில நாள் கழித்து மெஷின் அலமாரிக்குள் போய்விடும், ஸ்டிரிப் காலாவதியாகும். தினமும் குத்துகிறவர்களில் பலருக்கு அது தேவையே இல்லை. மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் சாப்பிட்டு நிலையாக இருப்பவருக்கு எப்போதாவது பார்த்தால் போதும். இன்சுலின் போடுகிறவருக்குத்தான் ஒரு நாளில் பல முறை வேண்டும். ஆனால் ஸ்டிரிப் செலவுக்குப் பயந்து அவர்தான் விட்டு விட்டுப் பார்க்கிறார்.

கையில் ஒட்டும் சென்சார்

இந்த இடத்தில் அடுத்த கருவி வருகிறது. ரூபாய் நாணயம் அளவில், மேல் கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சார். முடியைப் போன்ற ஒரு இழை தோலுக்குக் கீழே செல்களுக்கு இடையிலுள்ள நீரில் சர்க்கரையைச் சில நிமிடங்களுக்கு ஒரு முறை அளக்கும். ஒன்று ஏறக்குறைய இரண்டு வாரம் வரும். 1999இல் அமெரிக்கா முதலில் அனுமதித்த கருவி மூன்று நாள்தான் தாங்கியது. விரலில் குத்தித் திருத்த வேண்டாத வகை 2014இல் ஐரோப்பாவில் வந்தது, சீக்கிரமே இந்தியாவுக்கும் வந்துவிட்டது.

கிணற்றுக்காரருக்கு இதன் வித்தியாசத்தை விளக்க வேண்டியதில்லை. காலையில் ஒரு முறை எட்டிப் பார்த்தால் தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது என்று தெரியும். மோட்டார் ஓடும்போது எவ்வளவு வேகமாக வற்றுகிறது, ராத்திரியில் எவ்வளவு ஊறுகிறது என்பது நாள் முழுக்கப் பார்த்தால்தான் தெரியும். விரல் குத்து முதல் வகை, சென்சார் இரண்டாவது வகை. அதனால் கேள்வியும் மாறியிருக்கிறது. ஒரு நாளில் எத்தனை மணி நேரம் சர்க்கரை 70க்கும் 180க்கும் இடையில் இருந்தது என்று பார்க்கிறார்கள். பெரும்பாலான நோயாளிகளுக்கு எழுபது சதவீதத்துக்கு மேல், அதாவது ஏறக்குறைய பதினேழு மணி நேரம் அந்த எல்லைக்குள் இருப்பதே இலக்கு என்று 2019இல் பன்னாட்டு நிபுணர்கள் வகுத்தார்கள். இன்சுலின் போடாத, மாத்திரை மட்டும் சாப்பிடுகிற பெரியவர்களுக்கும் இதைப் பரிசீலிக்கலாம் என்று 2025இல் அமெரிக்க நீரிழிவு சங்கத்தின் வழிகாட்டுதல் சொல்லிவிட்டது.

ரெட்டியார்சத்திரத்துக்கு இது வேண்டுமா? எல்லோருக்கும் இப்போது வேண்டாம். பெயர்பெற்ற சென்சார் ஒன்றின் விலை நாலாயிரம், ஐயாயிரம். நூறு நாள் வேலையில் 2025-26இல் தமிழ்நாட்டுக் கூலி 336 ரூபாயாக இருந்தது. அந்தக் கூலியில் இரண்டு வாரம் அளப்பதற்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து நாள் வேலை செய்ய வேண்டும்.

ஆனால் சிலருக்குக் கட்டாயம் வேண்டும். சிறுவயதிலேயே இன்சுலினோடு வாழும் பிள்ளைகள். தூக்கத்தில் சர்க்கரை இறங்கி வியர்த்து எழும் இன்சுலின்காரர்கள். ஊசி போடும் கர்ப்பிணிகள். ஹெச்பிஏ1சி ஒன்று சொல்ல, விரல் இன்னொன்று சொல்கிறவர்கள். இந்தக் கடைசி வகை நம் பக்கத்தில் குறைவல்ல. தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. இரும்புச்சத்துக் குறைந்தால் ஹெச்பிஏ1சி இருப்பதை விட அதிகமாகக் காட்டக்கூடும். அதை நம்பி மாத்திரையைக் கூட்டினால் வயலில் மயங்குவது அந்தப் பெண்தான்.

இவர்களுக்கு அரசு நிலையமே சென்சார் ஒட்டி அனுப்பலாம். இரண்டு வாரம் கழித்து வந்தால் நிலையத்தில் இருக்கும் ரீடர் கருவியில் படித்து, சர்க்கரை ஏறி இறங்கிய கோட்டை அவர் முன்னாலேயே காட்டலாம். ரீடர் ஒன்று போதும், சென்சார்தான் ஆளுக்கு ஒன்று. வருடம் முழுக்க ஒட்டிக்கொண்டிருக்க வேண்டியதும் இல்லை. தைமாதம் பழனிக்கு நடக்கிறவர்களில் இன்சுலின் போடுகிறவருக்கு அந்தக் கோடு நிறையச் சொல்லும். நடக்க நடக்க இறங்கி, அன்னதானப் பந்தியில் ஏறி, நடுஜாமத்தில் மறுபடியும் இறங்குவது அதில் தெரியும். ஊசி அளவை எந்த நாளில் குறைத்துக்கொண்டு நடக்க வேண்டும் என்று மருத்துவர் கிளம்பும் முன்பே சொல்லிவிடலாம்.

இனி

எறும்பிலிருந்து சென்சார் வரை வந்த பாதையில் நிலைத்தவை எவை என்று பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. கர்ப்பிணிகளுக்கான ஒற்றைப் பரிசோதனையும் சுணாம்பேட்டின் வேனும் பலன் கொடுத்ததற்குக் காரணம், நம்பருக்குப் பின்னால் உடனே ஒரு முடிவு வந்தது. வெறும் மெஷினைக் கொடுத்துவிட்டு வந்த இடங்களில் அது அலமாரிக்குத்தான் போனது.

ஆகவே புதுக் கருவிக்கு முன் செய்ய வேண்டியவை சில உண்டு, எதுவும் பெரிய செலவில்லை. தன்னார்வலரின் பதிவேட்டில் நம்பருக்குப் பக்கத்தில் நேரமும் சாப்பாடும் எழுத ஒரு கட்டம். இரண்டு முறை தொடர்ந்து அளவு தாண்டினால் அதே நாளில் நிலையத்து மருத்துவருக்குத் தகவல் போய், மாத்திரை மாற்றம் அவள் போனுக்கே திரும்பி வரும் ஏற்பாடு. இன்சுலின் போடுகிறவர்களுக்கு ஸ்டிரிப் இலவசம். மூன்று மாதத்துக்கு ஒரு ஹெச்பிஏ1சி, கூடவே ரத்தசோகைக்கும் ஒரு பரிசோதனை. வெயிலில் அலையும் பையில் ஸ்டிரிப்பைக் காக்க ஒரு பெட்டி. இவ்வளவும் அமைந்த இடத்தில் சென்சார் வந்தால் பயிர் விளையும், அமையாத இடத்தில் அதுவும் இன்னொரு விலையுயர்ந்த நம்பர்தான்.

நோயாளி செய்ய வேண்டியது ஒன்றே. அடுத்த முறை திண்ணையில் உட்கார்ந்து தன்னார்வலரிடம் விரலை நீட்டி, நம்பரைக் கேட்டதும் எழுந்து போய்விடாதீர்கள். ‘சரித்தா, இதுக்கு நான் என்ன மாத்தணும்?’ என்று கேளுங்கள். அவளுக்குத் தெரியாவிட்டால் நர்ஸைக் கேட்கச் சொல்லுங்கள், நர்ஸுக்குத் தெரியாவிட்டால் டாக்டரை. பதில் வரும் வரை கேட்டுக்கொண்டே இருங்கள்.